உப்புக் காற்றுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

தம்பி உட்கார வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினோம். எழுந்து நடக்க முடியாத பிள்ளைக்கு விளையாட்டு மெஷின் ஒரு கேடா என்று தெருவில் கேட்டவர்களுக்கு நான் அன்றைக்கே வாயால் கொடுத்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோட்டுச்சேரிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் வீட்டோடு இருப்பதற்கு அந்த வாய்தான் காரணம் என்றும் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அன்று தெருவில் நான் சொன்னது கோபத்தில் சொன்னது. நடந்தது என்னவென்று நிதானமாக யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவும் தம்பியும் எங்கள் ஃபைபர் படகில் சேர்ந்து தொழிலுக்குப் போனவர்கள். ஒரு நாள் காலையில் கரை திரும்பும்போது, அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், மண் மேடிட்டிருந்த இடத்தில் அலை உடைந்து படகை அப்படியே தூக்கிப் போட்டது. அப்பா பின்னால் என்ஜினைப் பிடித்திருந்தார். முன்னால் அணியத்தில் நின்ற தம்பி மல்லாக்க விழுந்து, குறுக்குப் பலகையில் முதுகை அடித்துக்கொண்டான். படகு தரை தட்டியதும் அப்பா அவனை இரண்டு கையாலும் வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடி வந்தாராம். மீன் எடுக்கக் கூடையோடு நின்றிருந்த அம்மா அதைப் பார்த்தாள். நான் அப்போது காரைக்காலில், நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர், "யாரு இவரத் தூக்குனது? முதுகுல அடிபட்டவங்கள இப்படியா அள்ளிக்கிட்டு வருவாங்க?" என்று கேட்டுவிட்டார். பதற்றத்தில் கேட்டதுதான். பிறகு புதுச்சேரியில் பெரிய டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, விழுந்த அடியிலேயே நரம்பு போயிருக்கும், தூக்கியதால் என்று சொல்ல முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அப்பாவுக்கு முதல் டாக்டர் சொன்னது மட்டும்தான் காதில் ஏறியது. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி திரும்பாது என்று சொன்னபோது, அப்பா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து அப்பா தம்பியைத் தொடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் தொடவில்லை. புரட்டிப் போடுவது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அம்மாவும் நானும். ஆம்பளை உடம்பு, இரண்டு பொம்பளைகள் தூக்கினால் முதுகு விண்விண் என்று தெறிக்கும். அப்பா வாசற்படிக்கு வருவார், நிற்பார், "சாப்ட்டானா?" என்று அம்மாவிடம் கேட்பார், போய்விடுவார். அறைக்குள் கால் வைக்கமாட்டார். படகை விற்றுப் பணத்தை பேங்கில் போட்டார். அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. கடற்கரையில் மற்றவர்களுடைய என்ஜினைப் பழுது பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு பேசிக்கொள்ளாமலே நாட்கள் போயின. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டையாக இருந்திருந்தால் நான் நடுவில் பூந்து தீர்த்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மா கறாரானவர். வந்த ஒவ்வொரு தடவையும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். "இவர உக்கார வையுங்க. படுத்தே கெடந்தா முதுகுல புண்ணு வரும், நெஞ்சுல சளி கட்டும். புண்ணு உள்ள எறங்கிடுச்சின்னா உயிருக்கே ஆபத்து. கையில பலம் இருக்கு, உக்காரலாம். மனசு வைக்கணும்."

தம்பி மனசு வைக்கவில்லை. தலையை உயர்த்தினாலே கிறுகிறு என்று வருகிறது என்பான். நிஜம்தான், கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வரும் என்று அந்த அம்மாவே சொன்னார். ஆனால் கிறுகிறுப்பு மட்டும் காரணமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் நான் விடாப்பிடியாக நின்றபோது, "உக்காந்து என்னத்தக்கா பாக்கப் போறேன்?" என்று கேட்டான். வாங்கி வைத்த சக்கர நாற்காலி மூலையில் துவைத்த துணி போடும் இடமாகிவிட்டது. அதன் கம்பியில் உப்பு பூத்திருந்தது.

அவனுக்கு மிச்சம் இருந்தது கையில் இருந்த போன் ஒன்றுதான். அவன் கூட்டாளிகள் சிலர் வளைகுடாவில் படகு வேலைக்குப் போயிருந்தார்கள். சாயங்காலமானால் அவர்களும் இவனும் சேர்ந்து போனில் விளையாடுவார்கள். சுட்டுக்கொண்டு, ஓடிக்கொண்டு, ஒருத்தனுக்கொருத்தன் கத்திக்கொண்டு. மல்லாக்கப் படுத்தபடி போனை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆடுவான். போன் சூடேறி நின்றுவிடும். கை அசந்தால் முகத்தில் விழும். ஒரு நாள் விழுந்து உதடு கிழிந்து ரத்தம் வந்தது. நான் துடைத்துக்கொண்டே, "இது ஒனக்குத் தேவதான்டா" என்று ஏசினேன்.

அவன் ஏச்சைக் காதில் வாங்காமல், "கம்ப்யூட்டரா இருந்தா மூஞ்சில விழாது" என்றான்.

"கம்ப்யூட்டர்ல ஆடணும்னா உக்காந்துல்ல ஆடணும்?"

"ஆமா."

"உக்காருவியா?"

கிழிந்த உதட்டைத் தடவிக்கொண்டான். பிறகு, "வாங்கித் தாக்கா, உக்காருறேன்" என்றான். அடிபட்டதிலிருந்து அவன் வாயைத் திறந்து வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா பேங்க் பாஸ்புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். படகு விற்ற பணத்தை அதுவரை வீட்டில் யாரும் தொட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பிராசசர், ரேம், மதர்போர்டு, பவர் சப்ளை என்று அவன் படிப்பான், பார்ப்பான், நண்பர்களோடு வாதாடுவான். எனக்குத் தலை சுற்றும். ஆனால் அவன் எதையும் கம்ப்யூட்டர் வாங்குகிறவன் மாதிரி பார்க்கவில்லை. படகு என்ஜின் வாங்குகிறவன் மாதிரிதான் பார்த்தான். முதலில் தேர்ந்தெடுத்தது எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளையை. காரைக்கால் கடைக்காரர் போனில், "இது போதுங்க, வெல கம்மியா இருக்கு, எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க" என்று ஒன்றைத் தள்ளப் பார்த்தார். தம்பி விடவில்லை. "பெரிய என்ஜின மாட்டிட்டு ஓட்ட டியூப்புல டீசல் வுடச் சொல்றாரு இவரு" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, நல்ல கம்பெனி சப்ளையாகவே வேண்டும் என்றான். எங்கள் ஊரில் மின்சாரம் கூடும், குறையும், திடீரென்று போகும். அதைத் தாங்குவதாக இருக்க வேண்டும் என்றான். கேபினட் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றான். மானிட்டர் எங்கள் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பழசு ஒன்று.

எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை கிராபிக்ஸ் கார்டு. படத்தைத் திரையில் ஓட வைப்பது அதுதானாம். மற்றதெல்லாம் என்னதான் நன்றாக இருந்தாலும் அது நோஞ்சானாக இருந்தால் விளையாட்டு தத்தித் தத்திப் போகுமாம். எங்கள் பணத்துக்குப் புதிதில் கிடைப்பது சின்னது. அதே பணத்துக்குப் பழசில் பெரியதாகக் கிடைக்கும். வளைகுடாக் கூட்டாளி, பழசை வாங்காதே, கணினியில் டிஜிட்டல் காசு தோண்டுகிறோம் என்று ராவும் பகலும் ஓட்டிச் சாகடித்த கார்டுகளை விற்கிறார்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டான். தம்பிக்குப் பழசு பயமில்லை. நாங்கள் வாங்கிய என்ஜின் எதுவும் புதுசில்லையே.

கும்பகோணத்தில் ஒருவர் விற்பதாகப் போட்டிருந்தார். தம்பி அவரோடு பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "நீங்க மட்டுந்தான் ஓட்டுனீங்களா? வேற யாரு கையிலயாவது இருந்துச்சா? நடுவுல எப்பயாவது தொறந்து பாத்தீங்களா? ஓடிக்கிட்டே இருந்துச்சா, நிறுத்தி நிறுத்தியா?" அந்த மனுஷர், "என்னங்க, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்குற மாதிரி கேக்குறீங்க?" என்று கோபித்துக்கொண்டார். தம்பி தன்மையாக, "கோவிக்காதீங்கண்ணே, அத ஓட விட்டு ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, சத்தத்தோட" என்றான். வீடியோ வந்தது. தம்பி அதைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அந்தக் கார்டில் இருக்கும் விசிறியின் சத்தத்தை.

"வேணாங்கா. பேரிங்கு உரசுது."

எனக்கு ஒரு இழவும் கேட்கவில்லை. அதே கும்பகோணத்தில் இன்னொருவரின் வீடியோவைக் கேட்டு, திரும்பக் கேட்டு, "இது சொகமா ஓடுது" என்றான். அவன் முகத்தில் பழைய களை வந்ததை அம்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். நானும் சமயத்தைப் பிடித்துக்கொண்டேன். "நீ உக்காந்து பழகுனாத்தான் நான் கும்பகோணம் போவேன். இல்லன்னா கார்டு அங்கயே கெடக்கட்டும்" என்றேன். "ராட்சசி" என்றான். ஆனால் பழகினான். தலையணையை முட்டுக்கொடுத்து, வயிற்றில் பெல்ட் கட்டி, முதலில் அரை உட்காரல், பிறகு முழுசாக. வியர்த்துக் கொட்டும். கண் சொருகும். படுக்க வைத்துத் தண்ணீர் கொடுப்போம். மறுநாளும் உட்காருவான். சாமான்கள் வந்ததும் தானே உட்கார்ந்து பூட்டப்போவதாகச் சொன்னான். பிசியோதெரபி அம்மா முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மற்ற சாமான்களை வாங்க நான் காரைக்கால் கடைக்குப் போனபோது, கடைக்காரர் வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். "கடலுக்கு எவ்வளவு தூரம்?" "அலச் சத்தம் கேக்கும்." அவர் உதட்டைப் பிதுக்கினார். "உப்புக் காத்துங்க. வெசிறி அதத்தான் உள்ள இழுக்கும். சீக்கிரம் துருப்புடிச்சிப் போயிடும். ஏசி ரூமுல வையுங்க." வீட்டுக்கு வந்து இதை நான் நடித்துக் காட்டினேன். "ஏசி ரூமாம்ல! ஓலக்கொட்டாயிலயும் ஏசி வச்சிக் குடுக்கச் சொல்லு" என்று நான் இளித்துக்கொண்டு சொல்ல, தம்பி கூடச் சிரித்தான். அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. "துருப்புடிச்சிடுமாமா?" என்று அம்மாவிடம் கேட்டார். ஆமாம் என்று அம்மா சொன்னதும் போய்விட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கரையில் இரும்பை வெறும் உடம்போடு விடமாட்டோம். தொழில் முடிந்து வந்ததும் என்ஜினைத் தோளில் வீட்டுக்குத் தூக்கி வந்து, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, கிரீஸ் தடவிச் சாக்குப் போட்டு மூடுவார்கள். வீட்டுச் சாமான்களுக்கும் அதுதான் கதி. சைக்கிள் வந்தால், தையல் மெஷின் வந்தால், பீரோ வந்தால், வீட்டு ஆம்பளை அதை முதலில் எண்ணெயோ கிரீஸோ போட்டுத் துடைத்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் புழங்குவது. எங்கள் வீட்டில் மேசை மின்விசிறி வந்தபோது அப்பா அதன் கம்பி ஒவ்வொன்றையும் துடைத்துக் கொடுத்தார், இன்றைக்கும் ஓடுகிறது. யாரும் சொல்லி யாரும் செய்வதில்லை. கடலோரத்தில் அது கை தானாகச் செய்கிற வேலை.

நான் கும்பகோணம் போய்க் கார்டை வாங்கி வந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் தம்பி பூட்டுவதாக ஏற்பாடு. ஞாயிறு காலையில் அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி உட்கார வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கான சின்ன ஸ்குரூ டிரைவர் வாங்கக் கோட்டுச்சேரி கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கூடத்தில் வைத்த பெட்டிகளைக் காணோம். கொல்லைப்புறம் ஓடினேன். அப்பா சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிரீஸ் டப்பா. கார்டு அவர் மடியில் இருந்தது. தகடு தகடாக இருக்கும் அதன் இடுக்குகளில், விசிறியில், பொன் நிறத்தில் மின்னும் அதன் பல்வரிசையில், ஒரு இடம் விடாமல் அப்பியிருந்தார். மதர்போர்டு பெட்டியைப் பிரிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க!"

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கார்டைப் பிடுங்கினேன். கை வழுக்கியது. கரண்டு ஓடுகிற சாமான், இதற்குப் போய்க் கிரீஸ் போடுவார்களா, ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா, உங்கள் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாதா என்று என்னென்னவோ கத்தினேன். அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். "துருப்புடிக்கும்னு சொன்னீங்களே பாப்பா. அவனுக்கு ரொம்ப நாளு ஓடணுமேன்னு செஞ்சேன்" என்றார். அதற்கும் நான் கத்தினேன். அப்போது தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு அப்பா சொன்னார், "நான் தொட்டா எதுவும் வெளங்காது."

உள்ளே தம்பிக்கு எல்லாம் கேட்டிருந்தது. கார்டைக் கொண்டு போய்க் காட்டினேன். கோபப்படுவான், தூக்கி அடிப்பான் என்று நினைத்தேன். பார்த்தான். விசிறியை விரலால் தள்ளினான். அது சுற்றவில்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்னயப் படுக்க வைக்கா" என்றான்.

படுத்தவன் படுத்தவன்தான். அடுத்தடுத்த நாட்களில் தலையணையைத் தூக்கவே விடவில்லை. கெஞ்சினோம். அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் திட்டினேன், வேறு கார்டு வாங்கித் தருகிறேன் என்றேன், காசு எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டான். சாயங்கால விளையாட்டுக்குக்கூட போனை எடுக்கவில்லை. அந்த வாரமே முதுகு முடியும் இடத்தில் தோல் சிவந்தது. பிசியோதெரபி அம்மா அதை அழுத்திப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "இது ஆரம்பம். தோலு கிழிஞ்சதுன்னா ஆறாது. எப்பாடு பட்டாவது உக்கார வையுங்க."

அன்றைக்கு அவனுக்குச் சோறு ஊட்டும்போது கேட்டேன். "அப்பா மேல கோவமாடா? தெரியாமத்தானேடா செஞ்சாரு."

"கோவமில்ல." கொஞ்ச நேரம் மென்றான். "அந்தக் கார்ட எவ்வளவு நேரம் கையில வச்சிருந்தாருக்கா?"

"யாருக்குத் தெரியும்? நான் கடைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும். ஏன்?"

"இல்ல. ஒரு எடம் விடாம தடவியிருந்தாரு. அதான் கேட்டேன்."

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கார்டுக்காகப் படுக்கவில்லை. அவனைத் தொடாத கை அந்தக் கார்டை அவ்வளவு நேரம் தடவியிருந்தது. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் கார்டை எடுத்துக்கொண்டு காரைக்கால் கடைக்கே போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கரண்டு கொடுக்காததால் உயிர் இருக்கலாம், எல்லாவற்றையும் கழற்றி, ஒரு வகை ஸ்பிரிட் போட்டு பிரஷ்ஷால் துடைத்துக் காயவிட்டுப் பார்க்கலாம் என்றார். செய்து தாருங்கள் என்றேன். "மன்னிச்சுக்கங்க. என் கையில போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்று கை கூப்பிவிட்டார். அந்த ஸ்பிரிட் பாட்டில், பிரஷ், கழற்றிப் பூட்டும்போது உள்ளே தடவ ஒரு பேஸ்ட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தேன். யார் செய்வது என்று தெரியவில்லை. அப்பா தூரத்தில் நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் திரும்பவும் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

கார்டு கடைசியில் ஓடியதா என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடியது, ஓடிக்கொண்டும் இருக்கிறது. இடுக்கில் எங்கேயோ கொஞ்சம் கிரீஸ் மிச்சம் இருக்கிறது போலிருக்கிறது. சூடேறினால் வீடு முழுக்கப் படகு வாசனை அடிக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது அதையில்லை. அது ஓடுவதற்கு முன்னால், அப்பா கிரீஸ் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை.

சாப்பாடு முடிந்திருந்தது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசற்படியில் வந்து நின்றார். வழக்கம்போல நின்றுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். கையில் கார்டு, பாட்டில், ஸ்குரூ டிரைவர் எல்லாம் வைத்திருந்தார். படியைத் தாண்டி அறைக்குள் வந்தார். தரையில் பழைய வேட்டியை விரித்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், "எப்புடிக் கழட்டணும்னு சொல்லு தம்பி. நான் சுத்தம் பண்ணிடுறேன்" என்றார்.

தம்பி கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அப்பா தானாகவே ஒரு திருகைக் கழற்றப் போனார். ஸ்குரூ டிரைவர் வழுக்கிச் சத்தம் போட்டது.

"அது இல்ல." என்றான் தம்பி. "பின்பக்கம். நாலு ஸ்குரூ, சுருள்கம்பி வச்சது."

"எதுப்பா? இங்கன நெறைய இருக்கே."

"நடுவுல."

"இதா?"

"படுத்துக்கிட்டு எனக்கு எப்புடித் தெரியும்?"

அப்பாவின் கை நின்றுவிட்டது. கார்டை உயரத் தூக்கிக் கட்டிலுக்கு மேலே காட்டப் பார்த்தார். வெளிச்சத்தில் அதன் நிழல்தான் தம்பி முகத்தில் விழுந்தது. நான் துணியைப் போட்டுவிட்டு எழுந்தேன். அம்மாவும் ஈரக்கையோடு ஓடி வந்தாள். தூக்குவதற்காக நான் அவன் கக்கத்தில் கையைக் கொடுக்கப் போனபோது அவன் என் கையைத் தள்ளினான்.

"நீ இல்லக்கா. அப்பா தூக்கட்டும்."

அப்பா தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "வேணாம்பா. என் கையெல்லாம் கிரீஸா இருக்கு" என்றார். கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகுப்பக்கம் வேட்டியில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். "அக்கா தூக்குவா. அவளுக்குத்தான் பக்குவம் தெரியும். நான் தூக்குனா..."

"பெரிய டாக்டர் சொன்னத நானும் கேட்டேன்" என்றான் தம்பி. "நீங்க தூக்குனதால ஒண்ணும் ஆவல. தூக்குங்க."

அப்பா எழுந்து வந்தார். குனிந்து ஒரு கையை அவன் முதுகுக்குக் கீழே கொடுத்தார், இன்னொன்றைத் தொடைக்குக் கீழே. கட்டில் கிறீச்சிட்டது. மெதுவாக, மெதுவாக, கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற மாதிரி தூக்கி, தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார். தம்பியின் வெள்ளை பனியனில் அப்பாவின் விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கார்டை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தேன். அவன் அதைப் புரட்டி, நடுவில் இருந்த நாலு திருகையும் விரலால் காட்டினான். அப்பா பார்க்கவில்லை. அவர் முகம் தம்பியின் தோளில் கிடந்தது. கை இரண்டும் அவன் முதுகைச் சுற்றிப் பிடித்தபடியே இருந்தன.

"விடுங்கப்பா" என்றான் தம்பி. "நான் உக்காந்துட்டேன்."